கடைசியாகத் தொட்டவர் பெயர் மட்டும்தானா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், அப்புறம் அதிராம்பட்டினம். மாவட்டம் மாறிவிடும், அது தஞ்சாவூர். அந்த ஊர்க்காரர் உமர் தம்பி. 1953இல் பிறந்து 2006 ஜூலையில் இறந்துபோனார். இன்று கைப்பேசியில் சரளமாகத் தமிழ் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அவர் செய்த வேலையைப் புரியவைக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சொந்தக் கணினி இல்லாதவர் மணிக்கணக்குக் காசு கொடுத்து இணைய மையத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கே எழுத்துருவை நிறுவ விடுவார்களா என்பது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. உமர் தம்பியின் 'தேனீ' இயங்கு எழுத்துரு பக்கத்தோடு சேர்ந்தே இறங்கி எழுத்தைக் காட்டியது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதுவதற்கும், பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவதற்கும்கூடக் கருவிகள் செய்து இலவசமாகக் கொடுத்தார்.

அவர் இருந்த காலத்தில் அரசோ பல்கலைக்கழகமோ அவரைக் கூப்பிட்டு மேடையேற்றியதாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை. இறந்த பிறகு, அவருடைய எழுத்துருவால் தமிழ் படித்தவர்கள், எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. நான்கு வருடம் கழித்து, சில நாட்களுக்கு மட்டும் நின்ற ஓர் அரங்கம். அதுவும் பயனாளிகள் கேட்டதால் கிடைத்தது.

யார் பெயரை எழுதுவது, எந்த வேலையை வேலை என்று எண்ணுவது என்ற கேள்வி நம் சமூகத்துக்குப் புதிதில்லை. அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் எழுதிவைத்த ஒரு செய்தியைப் பாருங்கள். அவருடைய தாத்தா கந்தப்பன், ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தன்னிடமிருந்த திருக்குறள் முதலிய ஏட்டுச் சுவடிகளை அவர் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்கிறது அந்தக் குறிப்பு. எல்லிஸ் 1819இல் இறந்தார். குறளைப் பற்றிய வரலாறுகளில் அவர் பெயர் தவறாமல் இருக்கிறது. கந்தப்பனின் பெயரோ, பேரன் சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தியதால் நமக்குக் கிடைத்தது. அந்தப் பத்திரிகை எழுத்துகளையும் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிக்கொண்டுவந்த பிறகுதான் நம் தலைமுறை பரவலாகப் படித்தது. சுவடியைத் தலைமுறை தலைமுறையாகக் கறையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது ஒரு பங்களிப்பு. ஆனால் அதற்கு அட்டையில் இடம் கிடையாது. அட்டையில் பதிப்பாசிரியர் பெயர் வரும்.

கட்டற்ற மென்பொருளில் இப்படி நடக்காது, அங்கே எல்லாம் திறந்து கிடக்கிறது, யார் எந்த வரியை எழுதினார் என்று கணக்கிருக்கிறது என்பார்கள். பாதி உண்மைதான். (இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகாது. மூல நிரலைப் பார்க்க, மாற்ற, மாற்றியதைப் பகிர உரிமை இருந்தால்தான் அந்தப் பெயர்.) மீதிப் பாதியைப் பார்க்க அந்த இயக்கத்தின் வரலாற்றுக்கே போகலாம்.

பெயர்ச் சண்டை அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்துதான் முழு இயங்குதளம் ஆனது. உலகம் அதை 'லினக்ஸ்' என்றே கூப்பிட்டது. எட்டு வருட உழைப்பைப் பெயரிலிருந்து துடைத்துவிட்டார்கள், 'குனு லினக்ஸ்' என்று சொல்லுங்கள் என ஸ்டால்மன் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். பலர் இதைக் கிண்டலடிக்கிறார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் பிஎஸ்டி உரிமத்தில் ஒரு விதியே வைத்திருந்தது. இந்த மென்பொருளைப் பற்றி விளம்பரம் செய்கிற எவரும் அதில் எங்கள் பெயரைப் போட வேண்டும் என்பது அந்த விதி. 1999இல்தான் அதை நீக்கினார்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று பெயரை விதியாக எழுதிக் கேட்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரி கேட்டால் விளம்பர ஆசை என்பார்கள்.

இந்த வரலாற்றில் எங்களுக்கு முக்கியமானது டெபியன். 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் என்றால் பெரும்பாலும் மென்பொருள் பொதி தயாரிப்பவர்தான். மொழிபெயர்ப்பவர், கையேடு எழுதுபவர், கூட்டம் நடத்துபவர், படம் வரைபவர் எல்லாம் வெளித்திண்ணையில் இருந்தார்கள். 2010 அக்டோபரில் அவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, பொதி தயாரிக்காத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக வரவேற்பது என்று முடிவெடுத்தார்கள். விருது கொடுப்பதும் உறுப்பினராக்குவதும் ஒன்றில்லை. விருது வாங்குபவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். உறுப்பினர் அடுத்த முடிவில் கை தூக்குவார். அங்கீகாரம் என்று நாங்கள் கேட்பது இந்தக் கை தூக்கும் உரிமையை.

நிரல் எழுதுபவர் மேலே, அவருக்குக் கீழே பிழை திருத்துபவர், அதற்கும் கீழே மொழிபெயர்ப்பவர், எல்லோருக்கும் கீழே சோதித்துப் பார்த்து 'இது என் போனில் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு பழகிய அடுக்குதான். சாதியும் இதுவும் அப்படியே ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் வீட்டில் கணினி இருந்தவர் மேல் படியில் ஏறுவதும், கல்லூரியில்தான் முதல்முறை விசைப்பலகையைத் தொட்டவர் கீழ்ப்படியில் தொடங்குவதும் தற்செயல் இல்லை. யார் வீட்டில் கணினி இருந்தது என்பதற்கு நம் ஊரில் தெரு வாரியாகவே பதில் சொல்லலாம்.

பதிவேடு தானாகவே நியாயமாக இருந்துவிடாது என்பதற்கு மொழிபெயர்ப்புக் கோப்புகளே சாட்சி. ஒரு மென்பொருளின் பட்டிகளைத் தமிழாக்குபவர்கள் வேலை செய்கிற கோப்பின் தலைப்பில் 'கடைசி மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரு வரி இருக்கும். முன்பு செய்தவர்களின் பெயரை யாராவது அக்கறையாகக் குறிப்பில் சேர்த்தால் உண்டு. இல்லையென்றால் ஆயிரம் சொற்றொடரைத் தமிழாக்கியவருக்குப் பின்னால் வந்து நான்கு ஒற்றுப்பிழை திருத்தியவரின் பெயர் மட்டும் அந்த வரியில் நிற்கும்.

இதற்கு நேரெதிரான நல்ல வழக்கம் நம் தமிழிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதையாவது திறந்து பாருங்கள். நூல் தொடங்குவதற்கு முன்பே தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மூலப்பிரதி தந்தவர் யார் என்று நன்றியோடு எழுதியிருக்கும். சங்கப் பாட்டுக்கு மேலே ஒரு தட்டச்சுக்காரரின் பெயர். எந்த விருதையும்விட இது எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. விருதுகளைக் குறை சொல்லவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இலிருந்து கட்டி எழுப்பிய இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது கொடுத்தபோது எங்களுக்கும் மகிழ்ச்சி. தமிழக அரசும் கணினித் தமிழுக்கு விருது கொடுக்கிறது. ஆனால் விருதுக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு முகம் வேண்டும், விண்ணப்பிக்கத் தெரிய வேண்டும். நூறு பேர் பகுதி பகுதியாகச் செய்த வேலைக்கு விருதில் இடம் இல்லை.

இதைப் புதுக்கோட்டையில் உட்கார்ந்து எழுதும்போது அறிவொளி நினைவுக்கு வராமல் இருக்காது. 1991இல் தொடங்கிய அந்த இயக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுத்துக் கற்றதோடு குவாரிக் குத்தகையையே கேட்டு வாங்கினார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெயர் நாட்டுக்குத் தெரியும், எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பெயர் உலகத்துக்கே தெரியும். இருவரும் அந்தப் பெயருக்குத் தகுதியானவர்களே. சம்பளம் இல்லாமல் இரவில் அரிக்கேன் விளக்கோடு சேரிக்குள் வந்து உட்கார்ந்து பாடம் நடத்திய இளைஞர்களின் பெயர் அந்தந்த ஊரோடு நின்றுபோனது. கட்டற்ற மென்பொருளும் அதே மாதிரி கூலி இல்லாத தொண்டில் ஓடுகிற வண்டிதான்.

எங்கள் மாவட்டத்துத் தலித் மக்களின் பெயர் வெளியுலகப் பதிவேடுகளில் ஏறுவது பெரும்பாலும் ஒரே வகையில்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த பிறகு அந்த ஊர் எல்லார் வாயிலும் வந்தது. பாதிக்கப்பட்டவர், மனுதாரர், சாட்சி என்ற கட்டங்களில் நம் பெயர் இருக்கும். ஆக்கியவர் என்ற கட்டம் நமக்கு வெறுமையாகக் கிடக்கிறது.

சேவை செய்கிறவன் பெயரை எதிர்பார்க்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள்தான் அதிகமும் இதைச் சொல்கிறார்கள் என்பது எங்கள் அனுபவம். நிரல் சேமிப்பகத்தில் இருக்கிற பெயரைப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுகிற காலம் இது. அப்பா பெயருக்குச் செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரி சிபாரிசுக் கடிதம். நாங்கள் அறிந்த ஒரு கல்லூரியில் மாணவர்கள் பல வாரம் நூல்களை மெய்ப்புப் பார்த்தார்கள். விழா நாளில் சான்றிதழும் புகைப்படமும் துறைத்தலைவருக்குப் போயின. மாணவர்களுக்குச் சிற்றுண்டி.

எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். ஒன்றுமில்லாத திருத்தங்கள் மலை மாதிரி வந்து குவிந்து பராமரிப்பாளர்கள் திணறினார்கள். அந்த நிகழ்வின் விதிகளை நடுவிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே எண்ணை வைத்துத் தரம் பிரிப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. புனைபெயரில் பங்களிப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரும் ஊரும் போட்டால் என்ன கேள்வி வரும் என்று தெரிந்தே சிலர் புனைபெயரில் இருக்கிறார்கள். அவர்களைப் பொதுவில் இழுத்து வந்து பெருமைப்படுத்துவது அங்கீகாரம் ஆகாது. பெயர் போடும் உரிமை மாதிரியே போடாமல் இருக்கும் உரிமையும் அவரவருடையது.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கிடக்கின்றன. எழுத்துணரி பிழையோடு எடுத்துக் கொடுத்த பக்கங்களை மனிதக் கண்தான் சரிசெய்ய வேண்டும். மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். இரண்டு பெயரும் பக்க வரலாற்றில் இருக்கும். இதைச் செய்யக் கணினி வேண்டாம், போனே போதும். எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் மாணவர்களிடம் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. முதல் நாளே ஒரு நோட்டில் யார் எந்தப் பக்கம், யார் தட்டச்சு, யார் சோதனை, யார் போனைக் கடன் கொடுத்தது என்று எழுதுகிறோம். எந்தப் பெயர் வெளியே போக வேண்டும், எது வேண்டாம் என்று அவரவர் கையால் குறிக்கிறார்கள். வெளியீட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பட்டியல் அகர வரிசையில் போகும். பேராசிரியர் உதவியிருந்தால் அவர் பெயரும் அதே வரிசையில், அவர் எழுத்து வருகிற இடத்தில்.