கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் மழை விடுமுறை: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை அளிப்பது தமிழக நிருவாகத்தில் நிலைபெற்ற ஒரு வழக்கமாகும். அம்முடிவு பள்ளி ஆசிரியரிடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் சென்று சேர்ந்த போக்கையும், அதனால் விளைந்த நன்மை, குறை ஆகியவற்றையும் கடலூர் மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. விடுமுறை மழையைப் பின்பற்றுகிறது; பேரிடரோ வெள்ளத்தைப் பின்பற்றுகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியே கட்டுரையின் மையக் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: மழை விடுமுறை, வடகிழக்குப் பருவமழை, மாவட்ட ஆட்சியர், கொள்ளிடம், நிவாரண முகாம், கல்வி நாட்காட்டி.

முன்னுரை

தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டதன் விளைவாக உருவானது இன்றைய கடலூர் மாவட்டம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை இம்மாவட்டத்தினூடாகவோ இதன் எல்லையை ஒட்டியோ கடலை அடைகின்றன. வீராணம், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி ஆகியவற்றின் உபரி நீரும் இத்தாழ்நிலத்தின் வழியாகவே வடிகிறது. எனவே இம்மாவட்டத்தில் பெய்யும் மழையோடு, மேற்கே பல மாவட்டங்களில் பெய்யும் மழையும் இங்குள்ள பள்ளிகளின் வேலை நாட்களைத் தீர்மானிக்கிறது.

வாவு முதல் கல்வியாண்டு வரை

திண்ணைப் பள்ளிகளில் விடுமுறை நாளுக்கு ‘வாவு’ என்று பெயர். அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய நாட்களில் பாடம் நடைபெறாது. அதாவது, அன்றைய விடுமுறை நிலவின் கணக்கைச் சார்ந்தது; மழைக்கெனத் தனிவிதி தேவைப்படவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊரினர் ஆதலால், மழை வலுத்த நாளில் பள்ளி கூடுவதும் கூடாததும் ஆசிரியரின் விருப்பத்திற்கு உரியதாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அரசு உதவி பெறும் பள்ளிகளும் சமயப் பரப்பாளர் பள்ளிகளும் பெருகின. வகுப்பு, தேர்வு, வருகைப்பதிவு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட கல்வியாண்டு வேரூன்றியது. அதன் நீண்ட விடுமுறை கோடை வெயிலை ஒட்டி அமைந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட முழுமையான பாட நாட்களாயின. கடற்கரை மாவட்டங்களின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இம்மாதங்களில்தான் பெய்கிறது. வெயிலுக்கு இடமளித்த நாட்காட்டி மழைக்கு இடமளிக்கவில்லை. மழை விடுமுறை ஒவ்வோர் ஆண்டும் திடீர் அறிவிப்பாகவே அமைவதற்கு இதுவே வரலாற்றுக் காரணம்.

முடிவெடுக்கும் அதிகாரம்

கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கலங்களுக்கும் மீனவருக்கும் உரியது. ஆயினும் கூண்டு எண்ணைக் கொண்டே கரையோர மக்களும் புயலின் கடுமையை அளந்தனர். பின்னர் வானொலிச் செய்தியும், அதன்பின் தொலைக்காட்சியும், இன்று கைப்பேசியும் அவ்விடத்தைப் பெற்றன. செய்தி விரைவாகப் பரவப் பரவ, முடிவெடுக்கும் இடமும் பள்ளியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நகர்ந்தது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியரை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவராக்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் பெய்யும் மழையைக் கனமழை என்றும், 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை என்றும், 204.5 மி.மீ.-க்குக் குறையாததை அதி கனமழை என்றும் வகைப்படுத்துகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் வெளியானதும் ஆட்சியரின் அறிவிப்பைப் பெற்றோர் எதிர்பார்க்கத் தொடங்குகின்றனர்.

இதே ஆட்சியர் வேறு வகை விடுமுறையையும் அறிவிக்கிறார். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்திற்கான உள்ளூர் விடுமுறை அத்தகையது. அவ்வறிவிப்பில் நாளும், அதற்கு ஈடாகப் பணிபுரிய வேண்டிய சனிக்கிழமையும், அது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது என்ற விளக்கமும் முன்கூட்டியே இடம்பெறும். திருவிழா விடுமுறை திட்டமிடப்படுகிறது. மழை விடுமுறையோ முந்தைய இரவிலோ விடியற்காலையிலோதான் தெரியவருகிறது. ஈடுசெய்யும் நாள் பின்னர் தீர்மானிக்கப்படுகிறது.

அமெரிக்காவின் பனிப்பொழிவுப் பகுதிகளில் இம்முடிவு பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்கு உரியது. பள்ளியை இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது அங்கு இயல்பான வழக்கம். பனி நாட்களுக்கெனச் சில நாட்களை நாட்காட்டியிலேயே ஒதுக்கி வைக்கும் பள்ளி மாவட்டங்களும் உள்ளன. இங்கு வருவாய் நிருவாகமே முடிவெடுப்பதால், விடுமுறை கல்வித்துறையின் ஏற்பாடாக இன்றிப் பேரிடர்த் தடுப்பின் பகுதியாக அமைந்துவிட்டது.

மழையும் வெள்ளமும்

2015 நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நெய்வேலியில் 40 செ.மீ.-க்கு மேல் மழை பதிவானது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுசென்றது. அப்பருவம் முழுவதும் தொடர்ந்த மழையால் மாநிலம் முழுவதும் அரையாண்டுத் தேர்வு 2016 சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வெள்ளத்தில் பாடநூல்களை இழந்த மாணவர்களுக்கு அவை மீண்டும் வழங்கப்பட்டன.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலூரைப் பெரிதும் பாதித்ததோ அதன்பின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமே. வானம் தெளிந்த பிறகு நீர் ஊருக்குள் வந்தது.

சிதம்பரம் வட்டாரத்தில் இம்முரண்பாடு இன்னும் கூர்மையானது. மேட்டூர் அணையின் உபரி நீர் கொள்ளிடத்தில் பெருகும்போது திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய ஊர்கள் நீர் சூழ்ந்து தனித்துவிடுகின்றன. 2022 ஆகஸ்டில் இவ்வாறே நிகழ்ந்தது. அது தென்மேற்குப் பருவக் காலம். அந்நீர் கருநாடகக் காவிரிப் பகுதிகளில் பெய்த மழையின் விளைவு. மாவட்டத் தலைநகரில் வெயில் அடிக்கும் நாளில் கொள்ளிடக்கரைக் குழந்தை படகில் ஏறியே வெளியேற வேண்டியுள்ளது.

பள்ளிக் கட்டடங்களே நிவாரண முகாம்களாவதையும் கருத வேண்டும். விடுமுறை முடிந்து மாவட்டத்தின் பிற பள்ளிகள் திறந்த பின்னும், மக்கள் தங்கியுள்ள பள்ளியில் பாடம் தொடங்காது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, முதல் ஐந்து வகுப்புகளுக்கு 200 நாட்களையும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாட்களையும் குறைந்தபட்ச வேலை நாட்களாக வகுத்துள்ளது. மாவட்ட அளவிலான எண்ணிக்கை நிறைவுறும்போதும் ஆற்றங்கரைப் பள்ளியின் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும்.

மூடிய நாளின் விலை

1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அரசுப் பள்ளியை உணவளிக்கும் இடமாகவும் ஆக்கியுள்ளன. எனவே பள்ளி மூடும் நாள் ஏழைக் குழந்தைக்குப் பாடத்தோடு உணவும் இல்லாத நாளாகிறது. பெற்றோருக்கும் கூலி வேலை கிடைக்காத மழைநாளில் இவ்விழப்பு இரட்டிப்பாகிறது.

இணையவழி வகுப்பு இதற்கு மாற்றாகுமா என்ற வினா எழலாம். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நெடுநாள் மின்சாரமின்றி இருந்தன. புயலில் முதலில் அறுந்துபோவது மின்கம்பியே என்பதால், மிகுதியாகப் பாதிக்கப்பட்ட ஊருக்கே இம்மாற்று வழி எட்டாது.

முடிவுரை

மழை விடுமுறை உயிர்காப்பு நடவடிக்கை. அதன் தேவையில் ஐயமில்லை. ஆசிரியரின் விருப்பத்தைச் சார்ந்திருந்த ஒன்று அரசின் பொறுப்பாக மாறியது வரலாற்றில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் மாவட்டம் என்னும் அலகு வெள்ளத்தின் அலகன்று. வட்டம் அல்லது ஆற்றுப்படுகை வாரியாக விடுமுறையை முடிவு செய்தல், பருவமழைக்கெனச் சில நாட்களைக் கல்வி நாட்காட்டியிலேயே ஒதுக்குதல், முகாமாகும் பள்ளிகளின் இழப்பு நாட்களைத் தனியே கணக்கிட்டு ஈடுசெய்தல், மூடிய நாட்களிலும் உணவு கிடைக்க வழிசெய்தல் ஆகிய நான்கும் இவ்வரலாறு சுட்டும் தேவைகள். அணை திறப்பின் அளவைக் கொண்டு கொள்ளிடக்கரைப் பள்ளிகளின் விடுமுறையை முடிவு செய்வது இவற்றுள் முதலில் செய்யத்தக்கது.