குடிநோயும் சத்சங்கமும்: ஒரு மருத்துவ வரலாறு

திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. நம் சமயப் பெரியோர்களும் மதுவைக் கண்டிக்கத் தவறியதில்லை. ஆயினும் கண்டனம் வேறு, சிகிச்சை வேறு. குடியிலிருந்து மீள விரும்புகிறவருக்கு வழி என்ன என்று மருத்துவ உலகம் தேடிய வரலாறு, நம் சங்க அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1784ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் குடிவெறியை வெறும் ஒழுக்கக்கேடாகக் கருதாமல் நோயாகக் கண்டார். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவராயிருந்த தாமஸ் டிராட்டர், 1804ல் வெளியிட்ட நூலில் இது மனத்தின் நோய் என்றே எழுதினார். மனத்தின் நோய் என்றால் மருந்து மட்டும் போதாது. நோயாளியோடு பேசவும் வேண்டும்.

1840ல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் மதுக்கடையில் கூடி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். 'வாஷிங்டோனியர்' என்ற அந்த இயக்கம் காட்டுத்தீ போல் பரவிற்று. ஆனால் சில ஆண்டுகளிலேயே மங்கிப் போயிற்று. உறுதிமொழி எடுத்தவரைத் தொடர்ந்து தாங்கி நிற்க நிலையான ஏற்பாடு இல்லாமற் போனது அதற்கு ஒரு காரணம்.

இது நமக்குப் புதிதல்ல. ஐயப்பனுக்கு மாலையிட்டு ஒரு மண்டலம் மதுவைத் தொடாதிருந்தவர், மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அவருடைய பக்தி பொய்யல்ல. அந்த நாட்களில் அவருக்குக் குருசாமி இருந்தார், உடன் மாலையிட்டோர் இருந்தனர், தினமும் பூசையும் பஜனையும் இருந்தன. மாலையைக் கழற்றியதும் அந்தத் துணையும் கலைந்துவிடுகிறது. குடியை நிறுத்துவது ஒரு காரியம். நிறுத்தியபடியே இருப்பது வேறொரு காரியம்.

இந்த இரண்டாவது காரியத்திற்கு வழி கண்டது 1935ல். தொழில் நிமித்தம் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்த பில் வில்சன், குடி ஆசை மீண்டும் தலைதூக்கியபோது, தன்னைப் போன்ற வேறொரு குடிநோயாளியைத் தேடிப் பேசினார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். மருத்துவப் பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஒத்த துன்பம் கண்டவரின் பேச்சு காப்பாற்றியது. அவ்விருவரும் தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் ஏ.ஏ. சபை. கூட்டத்தில் முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்வதுமில்லை. குடும்பத்தாருக்கென 1951ல் 'அல்-அனான்' என்ற துணைச் சபையும் தோன்றியது.

மருத்துவமும் வளர்ந்தது. 1948ல் டென்மார்க் ஆய்வாளர்கள் டைசல்பிரம் மாத்திரையின் பயனை வெளியிட்டனர். அதை உட்கொண்டவர் குடித்தால் உடல் ஏற்காது. மருத்துவர் மேற்பார்வையில், நோயாளி அறிந்து சம்மதித்தே அதைக் கொடுக்க வேண்டும். சோற்றில் மறைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. 1983ல் உளவியலாளர் வில்லியம் மில்லர் புதியதோர் ஆலோசனை முறையை எழுதினார். நோயாளியை அதட்டாமல், அவர் மாற விரும்பும் காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது அதன் சாரம். சம்பள நாள், கல்யாண விருந்து, வீட்டுச் சண்டை என்று எந்த வேளையில் ஆசை எழுகிறது என ஆராய்ந்து முன்கூட்டியே பழக்குவிக்கும் சிகிச்சையும் இன்று உண்டு.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவத்தோடு ஆலோசனையும், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சையும் அங்கு வழக்கமாயின. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒரு மருத்துவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர், சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிரே போகலாம். முதலில் மருத்துவரிடம் போகட்டும். சத்தியத்தை அவர் சொல்லும் முறைப்படி நிறைவேற்றட்டும்.

பெண் கொடுக்க மாட்டார்களே, நாலு பேர் பேசுவார்களே என்று மூடி மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மறைப்பது மானத்தைக் காப்பதில்லை, நோயைத்தான் காக்கிறது. நமது கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை இத்தகைய கூட்டத்திற்கு இடம் தர இயலுமா என்று செயற்குழுவினர் சிந்திக்க வேண்டுகிறேன். நல்லார் இணக்கமே பாதி மருந்து. மீதியை மருத்துவம் பார்த்துக்கொள்ளும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பான்.