பத்துப் பிள்ளைகள் விதி முதல் ‘நிராகரிப்பு இல்லை’ கொள்கை வரை: செமோர் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளும் சிறப்புக் கல்வியும்

ஆய்வு நோக்கம்

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வழியில் உள்ளது செமோர். ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர். தோட்டங்கள் சுருங்கி வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. ஏழு வயதில் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, எழுத்து பிடிபடவில்லை என்றால் பள்ளி அதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளது? அந்தக் கடமை சட்டத்தில் ஏறிய வரலாற்றையும், தோட்டத் தமிழ்ப் பிள்ளையை அது பிந்தி வந்தடைந்த காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டப் பள்ளியும் தலைக்கணக்கும்

பேராக் அங்கம் வகித்த மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு அடித்தளமிட்டது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிட அது வழிவகுத்தது. தலையை எண்ணியது சட்டம். எந்தப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்று கேட்கவில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஓரறையில் வைத்துச் சமாளித்த பள்ளியில் அப்படிக் கேட்க நேரமும் இருந்திருக்காது.

இருள் விலகுமுன் பெரட்டு எனும் ஆளெடுப்புக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு பால் வெட்டும் காட்டுக்குப் போவாள். மற்ற பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கு நகர்வார்கள். நடக்கவோ பேசவோ பிந்திய பிள்ளைக்குக் கொட்டகையை விட்டால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்தான். பள்ளி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் கேட்கப் போகவில்லை. தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் வேலையாள் பெயர் இருந்தது. பள்ளி வருகைப் பதிவேட்டில் வந்த பிள்ளையின் பெயர் இருந்தது. வராத பிள்ளைக்கு ஏடு இல்லை.

செமோருக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை அதுதான். ஊரின் பெயரே நாளடைவில் நாடு முழுவதும் கேலிச் சொல்லாகிவிட்டது. அந்தச் சொல் காதில் விழும் வட்டாரத்தில், பிள்ளையின் குறையை வெளியே சொல்லப் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை.

கண், காது, பிறகு கற்றல்

மலாயாவில் சிறப்புக் கல்வி தொண்டு நிறுவனங்களிடமிருந்தே தொடங்கியது. 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கத் திருச்சபை பார்வையற்ற பிள்ளைகளுக்காக நிறுவிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு மாறியது. 1948இல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளியும், 1954இல் பினாங்கில் செவித்திறன் குன்றியோர் பள்ளியும் தோன்றின. செமோர்ப் பிள்ளைக்கு இவை எட்டுவதென்றால் விடுதி வாழ்க்கைதான். 1960களின் முற்பகுதியில் சாதாரணப் பள்ளிகளில் பார்வையற்றோருக்கும், அடுத்துக் காது கேளாதோருக்கும் ஒருங்கிணைப்பு வகுப்புகள் வந்தன.

கற்றல் குறைபாடு கடைசியில்தான் கவனம் பெற்றது. அதற்கான முன்னோடி வகுப்பு 1988இல் கோலாலம்பூர் ஜாலான் பத்து தேசியத் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. பார்வையின்மையும் செவித்திறன் குறைவும் வெளியே தெரிபவை. கற்றல் குறைபாடோ வகுப்பில் ‘மக்கு’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் பெயர் வாங்கிக்கொண்டு மறைந்திருப்பது. அறுபதாண்டு இடைவெளிக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

சட்டத்தின் வாசல்

1994ஆம் ஆண்டு சலமன்கா பிரகடனம், எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பள்ளி ஏற்க வேண்டும் என்று உலக நாடுகளிடம் வலியுறுத்தியது. 1996ஆம் ஆண்டு மலேசியக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. ஆனால் மறு ஆண்டு வந்த ஒழுங்குவிதிகள் கதவைப் பாதிதான் திறந்தன. பிறர் உதவியின்றித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய, ‘கற்பிக்கத்தக்க’ பிள்ளை என்று ஒரு குழு சான்றளித்தால்தான் இடம். உதவி அதிகம் தேவைப்பட்ட பிள்ளையே வெளியில் நின்றது.

2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2010இல் மலேசியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பழையவற்றை நீக்கி, மூன்று மாதம் வரை பள்ளியில் வைத்துப் பார்த்தபின் பொருத்தமான இடத்தை முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தன. 2019இல், எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக் கூடாது எனும் ‘நிராகரிப்பு இல்லை’ கொள்கை நடப்புக்கு வந்தது. கற்பிக்கத்தக்கவரா என்று பிள்ளையைக் கேட்ட காலம் போய், எப்படிக் கற்பிப்பாய் என்று பள்ளியைக் கேட்கும் காலம் வந்தது.

செமோரில் இன்று

இன்றைய வழி இது: சுகாதாரக் கிளினிக்கில் தொடக்கப் பரிசோதனை, ஐயமிருந்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை நிபுணரின் மதிப்பீடு, சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிக்கான ஓ.கே.யூ. அட்டை, பிறகு வட கிந்தா மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பள்ளி.

பெரும் இடர் மதிப்பீட்டு மேசையில் தொடங்குகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் படத்தைக் காட்டி மலாயிலோ ஆங்கிலத்திலோ ‘இது என்ன?’ என்று கேட்டால் அது தாயின் முகத்தைப் பார்க்கும். அந்த மௌனம் மொழி தெரியாமையா, பேச்சு பிந்தியதா? தமிழில் ஒருமுறை கேட்டாலன்றி விளங்காது.

அடுத்த இடர் பள்ளித் தேர்வு. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு திறக்கப் போதிய மாணவர்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அறையும் வேண்டும். 150 மாணவருக்கும் குறைவான தமிழ்ப்பள்ளிகளில் அந்த எண்ணிக்கை சேர்வது அரிது. நாட்டின் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில்தான் அவ்வகுப்பு உள்ளது. ஆகவே பெற்றோர் பலர் சிறப்பு வகுப்புக்காகத் தேசியப் பள்ளியையும் மலாய்மொழியையும் ஏற்கிறார்கள். அல்லது தமிழுக்காகச் சிறப்பு வகுப்பை இழக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியின் குறைநீக்கல் வகுப்பு எழுத்தறிவில் பின்தங்கியவர்களுக்கு உதவும். மதியிறுக்கமுள்ள பிள்ளைக்கு அது மாற்றாகாது.

முடிவு

1912இல் பத்துத் தலை. இன்று வகுப்புக்குப் போதிய தலை. நூறாண்டு கடந்தும் தோட்டத் தமிழ்ப் பிள்ளையின் வாய்ப்பை எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. தனித்தனிப் பள்ளியாக எண்ணாமல், செமோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரப் பள்ளிகளை ஒன்றாக எண்ணி, ஒரு தமிழ்ப்பள்ளியில் பொது வகுப்பும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்யலாம். தமிழில் மதிப்பிடக்கூடிய பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்க வேண்டும். பெற்றோர் தங்கள் பங்குக்கு, பிள்ளை முதலாம் ஆண்டுக்குச் செல்லும்வரை காத்திராமல், ஐயம் எழுந்த அன்றே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.