நீர்ப்பிரமியும் ஆய்வக எலியும்: நினைவிழப்பு மருந்துச் சோதனைகளின் வரலாறு

மதுரைச் சமவெளியில் கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என ஈரம் தங்கும் இடங்களில் படரும் சிறு செடி நீர்ப்பிரமி. அதே ஊர்களின் தரிசு நிலத்தில் முளைப்பது ஊமத்தை. முன்னது நினைவாற்றலை வளர்க்கும் என்பது நாட்டு மருத்துவ மரபு. பின்னதைத் தின்றவரின் புத்தி தடுமாறும் என்பது ஊரறிந்த செய்தி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரு செடிகளில் உள்ள பொருள்களும் ஆய்வக எலியின் உடலில் சந்தித்தன. ஒன்று மறதியை உண்டாக்கப் பயன்பட்டது. மற்றொன்று அந்த மறதியைத் தடுக்கிறதா என்று பார்க்கப்பட்டது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ‘பிராமி’ என்ற பெயர் சில பகுதிகளில் வல்லாரையையும் குறிக்கும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். வல்லாரையை வைத்தும் தனியே எலிச் சோதனைகள் நடந்துள்ளன. ஆகவே ‘பிராமி’ என்று மட்டும் எழுதிய பழைய குறிப்புகளைப் படிப்போர் எந்தச் செடி என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

லக்னோ ஆய்வுகள்

லக்னோவின் சத்தர் மன்ஸில் அரண்மனையில் 1951ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று நடுவண் மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தை நேரு திறந்து வைத்தார். 1960களில் அங்குள்ள வேதியியலாளர்கள் நீர்ப்பிரமியிலிருந்து பாகோசைடு ஏ, பி எனப்படும் சப்போனின்களைப் பிரித்தெடுத்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இச்செடியை ஆராய்ந்தவர்கள் கண்டது நினைவாற்றலை அல்ல, விலங்குகளை அமைதிப்படுத்தும் தன்மையையே.

நினைவாற்றலை அளக்கும் முறையான சோதனையை எச். கே. சிங், பி. என். தவான் ஆகியோர் 1982இல் வெளியிட்டனர். வெள்ளை எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் செடியின் சாராயச் சாறு வாய்வழியே கொடுக்கப்பட்டது. வெளிச்சமான பக்கத்தையும் இருண்ட பக்கத்தையும் பிரித்தறிவது, காலில் படும் மெல்லிய மின்னதிர்ச்சியைத் தவிர்க்கக் கற்பது போன்ற பயிற்சிகளில் மருந்துண்ட எலிகள் மற்றவற்றை விட நன்றாகச் செய்தன.

எலியிடம் ‘நினைவிருக்கிறதா’ என்று கேட்க முடியாது. அது எவ்வளவு விரைவாக ஓடுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலிருந்துதான் நினைவை ஊகிக்க வேண்டும். மின்னதிர்ச்சிச் சோதனையில் மருந்து வலியை மரக்கச் செய்தாலோ அச்சத்தைக் குறைத்தாலோ கூட முடிவு மாறும். ஏற்கெனவே அமைதிப்படுத்தும் என்று அறியப்பட்ட ஒரு செடிக்கு இந்த ஐயம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஒரே சாற்றைப் பல வகைச் சோதனைகளில் பார்த்ததே லக்னோ ஆய்வின் பலம் என்று சொல்லலாம்.

1981இல் ரிச்சர்ட் மோரிஸ் அறிமுகப்படுத்திய நீர்த்தொட்டிச் சோதனையில் மின்னதிர்ச்சி கிடையாது. பால் கலந்து கலங்கிய நீருக்கடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். சுற்றிலும் உள்ள அடையாளங்களை வைத்து எலி அதைத் தேடி நீந்த வேண்டும். இதிலும் மெதுவாக நீந்தும் எலி மறந்த எலி போலத் தோன்றக்கூடும் என்பதால், நேரத்துடன் நீந்தும் வேகத்தையும் தனியே அளக்கின்றனர்.

ஊமத்தை வந்த வழி

ஊமத்தையில் உள்ள ஸ்கோபோலமைன், மூளையில் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். 1974இல் டிராக்மன், லெவிட் ஆகியோர் அதை நலமான இளைஞர்களுக்குக் கொடுத்தபோது அவர்களது நினைவாற்றல் முதியோருடையதை ஒத்துக் குறைந்தது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலினை உண்டாக்கும் நொதி குறைந்திருப்பது 1976இல் தெரிய வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஸ்கோபோலமைன் கொடுத்த எலியை நோயின் மாதிரியாகக் கொண்டனர்.

அசிட்டைல்கோலினைச் சிதையாமல் காக்கும் டோனெபெசில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அறிகுறிகளை ஓரளவு தணிக்கும், நோயை நிறுத்தாது. ஸ்கோபோலமைன் எலியின் மறதி சில மணி நேரத்தில் தானே நீங்கிவிடும். அல்சைமரிலோ நரம்புச் செல்கள் ஆண்டுக்கணக்கில் அழிகின்றன.

இக்குறையைப் போக்க, மனித மரபணுவைப் புகுத்தி மூளையில் அமிலாய்டு படியும் சுண்டெலிகள் 1995 முதல் உருவாக்கப்பட்டன. அத்தகைய சுண்டெலிகளில் நீர்ப்பிரமிச் சாறு அமிலாய்டைக் குறைத்ததாக 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் இதே வகைச் சுண்டெலிகளில் 1999இல் பெரும் வெற்றி கண்ட ஏ.என். 1792 தடுப்பூசியின் கதை வேறாக முடிந்தது. மனிதரில் சோதித்தபோது ஊசி போடப்பட்ட 300 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி வந்தது. 2002இல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது.

எலியிலிருந்து மனிதருக்கு

நீர்ப்பிரமி ‘மெமரி பிளஸ்’ என்ற பெயரில் 1990களிலேயே இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளியான ஆய்வில் 40 முதல் 65 வயது வரையிலான 76 பேர் கலந்துகொண்டனர். சாறு உண்டவர்களின் கற்கும் வேகம் மாறவில்லை. புதிதாகக் கற்றதை மறக்கும் வேகமே குறைந்தது. இவர்கள் நினைவிழப்பு நோயாளிகள் அல்லர். மறதி நோய் கண்ட தாய் தந்தைக்காகப் புட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியது இதுதான். எலியில் தொடங்கி நலமான மனிதர் வரை வந்த சான்று, நோயாளியிடம் வரும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வாய்வு தொடர்ந்தது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகக் குழுவினர், நீர்ப்பிரமி எலிக்குட்டிகளின் மூளையில் செரட்டோனின் அமைப்பைத் தூண்டுவதை 2011இல் காட்டினர். செடி வேலை செய்கிறதா என்பதிலிருந்து எவ்வாறு செய்கிறது என்பதற்குக் கேள்வி நகர்ந்தது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகளின்படி, இத்தகைய சோதனை செய்யும் கல்லூரி பதிவு பெற்றிருக்க வேண்டும். எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை, வேறு வழி ஏன் இல்லை என்பதை ஆய்வாளர் எழுதிக்கொடுத்து, நெறிமுறைக் குழு ஒப்பிய பிறகே முதல் எலியைத் தொட முடியும்.