கதியாலும் அரசாங்க அறிவிப்பும்

மதில்கள் பெருகுமுன்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளைக் காத்தவை கதியால் வேலிகளே. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழை ஆட்டுக்கு உணவாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று.

2005ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் இச்சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிரென அறிவித்தது. கொம்புகளை எரித்து மின்சாரம் ஆக்கலாம். இலை விவசாயிக்கே எஞ்சும். எரிபொருள் இறக்குமதியும் குறையும். நோக்கம் நன்றே. ஆயின் வெட்டிய விறகை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவார் என்பதே உழவனின் முதற் கேள்வி.

இக்கேள்வியைக் குடாநாட்டு விவசாயிக்குக் கற்பித்தது வரலாறு. ஆறில்லாத இம்மண்ணிலே, சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே தோட்டஞ் செய்தல் வேண்டும். 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. விலை உயர்ந்தது, தோட்டங்கள் செழித்தன. வன்னியிலே முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் இளைஞர்கள் மிளகாய் பயிரிட்டனர். நிலமற்ற கூலியாளருக்கோ அச்செழிப்பிலும் கூலியே பங்காயிற்று. 1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது, விலை சரிந்தது. கொள்கையை வகுத்தோர் மாறினர். நட்டத்தைச் சுமந்தவன் விவசாயியே.

அயலிலும் இதே பாடந்தான். காட்டாமணக்கு எண்ணெயால் டீசல் ஆக்கலாமென 2003இல் இந்தியத் திட்டக் குழுவின் அறிக்கை பரிந்துரைத்தது. 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்பது 2009ஆம் ஆண்டுக் கொள்கையின் இலக்கு. உயிரி டீசலின் கலப்போ ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டில் அதனை நட்டோர் பலர், சொல்லப்பட்ட விளைச்சல் காணாது கைவிட்டனர்.

வெங்காயத்தில் நட்டப்பட்டவன் அடுத்த போகத்தில் வேறு பயிருக்கு மாறலாம். மரத்தை நட்டவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் ஆண்டுகளையே முதலிடுகிறான். ஆகவே சக்திப் பயிரை ஊக்குவிக்க விரும்பும் அரசாங்கம், பல்லாண்டுக் கொள்வனவை எழுத்தில் உறுதி செய்தல் வேண்டும். நீரிறைத்துப் பண்படுத்திய தோட்டநிலத்தை விட்டு, வேலியோரத்தையும் தரிசையுமே நாடுதல் வேண்டும். கொம்பு வெட்டும் கூலியாளரின் பங்கும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். இவை இல்லாதவரை, விவசாயி சீமைக்கிளுவையை வேலியில் மட்டும் வைத்திருப்பதை அறியாமை என்று எவரும் பழித்தல் தகாது.