எல்லை கடந்த உழைப்பும் அரசுப் பணிக்கான பின்புலச் சரிபார்ப்பும்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியக் குடிமக்களாக ஏற்க வகைசெய்தது. தாயகம் திரும்பியோரில் கணிசமானோர் தலித்துகள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூலிகளாகக் குடியேறியோரும் அவர்களுள் உண்டு. அவர்தம் வழிவந்தோர் அரசுப் பணிக்குத் தேர்வாகும்போது, பெற்றோரின் இலங்கைப் பிறப்பும் தாம் வெளிநாட்டில் உழைத்த காலமும் தடையாகுமா?

ஒப்பந்தத்தின்படி குடியுரிமை பெற்றவர் அகதி அல்லர், இந்தியக் குடிமக்களே. சாதி, வம்சாவளி, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கிக் குடிமக்களுக்கு அரசுப் பணி மறுப்பதை அரசமைப்பின் 16(2) பிரிவு தடுக்கிறது.

எனினும் ஒன்றிய அரசின் சரிபார்ப்புப் படிவம் தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்தவர், 21 வயதுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்கள் அனைத்தையும் குறிப்பிட வேண்டும். கேட்கப்படுவதாலேயே தகுதி போய்விடாது, மறைப்பதே ஆபத்து. குற்ற வழக்கு விவரங்களை மறைத்தல் தொடர்பான அவதார் சிங் வழக்கில் (2016), தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மறைப்பின் தன்மையைச் சீர்தூக்கியே பணியளிப்பவர் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறியது.

எனவே பெற்றோரின் இந்தியக் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை, தமது பணி ஒப்பந்தம் ஆகியவற்றைப் பாதுகாப்பது இன்றியமையாதது. தோட்டத்திலிருந்து காட்டுக்கும் காட்டிலிருந்து நகருக்கும் துரத்தப்பட்ட குடும்பங்களிடம் இக்காகிதங்கள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. அந்த இழப்பை ஐயத்திற்குரிய சான்றாகக் கொள்ளாமல், தன் பதிவேடுகளைக் கொண்டே சரிபார்ப்பது அரசின் கடமை.