வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் கணக்காய்வும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனைக் களப்பை அண்டி 1950களின் நடுப்பகுதியில் அரச கடதாசி ஆலை எழுந்தது. சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலே அதன் முக்கிய மூலப்பொருள். 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்களுக்கு வழிவகுத்தது; அவற்றைப் பணிப்பாளர் சபைகள் நிருவகித்தன.

வைக்கோல் ஆலையின் கணக்கு எளிதன்று. அறுவடைக் காலத்தில் வாங்கியதை மாதக்கணக்கில் போராக அடுக்கி வைக்க வேண்டும். ஈரம் எடையைக் கூட்டும், உலர்ந்தால் குறையும், மழையில் அடிப்பகுதி மக்கும். வாங்கிய எடையும் ஆலைக்குள் சென்ற எடையும் பொருந்தாதபோது, அது இயல்பான இழப்பா, முறைகேடா என்று பிரித்தறிவது கணக்காய்வாளரின் வேலை.

1971ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க நிதிச் சட்டம் கூட்டுத்தாபனங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பரிசோதனைக்கு உட்படுத்தியது. ஒதுக்கீடுகள் போக எஞ்சிய மிகையைத் திரட்டு நிதிக்குச் செலுத்தவும் பணித்தது. 1979இல் பாராளுமன்றத்தில் பொது முயற்சிகள் பற்றிய குழுவான ‘கோப்’ உருவானது. அரச நிறுவனங்களின் மிகையை அரசு பெறுவது எப்படி என்ற சிக்கலைச் சீனாவும் 1983இல் கையாண்டது: அரச நிறுவனங்கள் இலாபத்தை ஒப்படைக்கும் முறைக்குப் பதிலாக வருமான வரி கொண்டுவரப்பட்டது, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அது 55 வீதம். அதே ஆண்டில் அங்கு தேசியக் கணக்காய்வு அலுவலகமும் தோன்றியது.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்ற இடமளித்தது. வாழைச்சேனை ஆலையை நடத்திய கடதாசிக் கூட்டுத்தாபனமும் பின்னர் அரசுக்குச் சொந்தமான தேசிய கடதாசிக் கம்பனியானது. போர், பழைய இயந்திரங்கள், மலிவான இறக்குமதி ஆகியவற்றால் உற்பத்தி நலிந்தது. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், முறைகேட்டால் நேரும் இழப்பைப் பொறுப்பானவர்களிடமே அறவிடும் அதிகாரத்தையும் சேர்த்தது.